சல்ஃபைட்டிலிருந்து ஆக்சிஜன் வரை: ஒரு கல்லீரல் நொதியின் எலக்ட்ரான் வழி

புதுக்கோட்டை மாவட்டத்தின் மானாவாரி நிலங்களில் விளையும் உளுந்தும் நிலக்கடலையும், மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரைகளில் இறங்கும் மீனும் இறாலும் அந்த வட்டார மக்களின் உணவுக்குப் புரதம் தருபவை. இந்தப் புரதங்கள் எதிலிருந்து வந்தாலும் அவற்றுள் கந்தகம் பெரும்பாலும் மெத்தியோனின், சிஸ்டீன் என்னும் இரண்டு அமினோ அமிலங்களின் உறுப்பாகவே உடலுக்குள் நுழைகிறது. உடலின் தேவைக்குமேல் உள்ள கந்தகம் இறுதியில் சல்ஃபேட்டாக மாறிச் சிறுநீரில் வெளியேற வேண்டும். அந்த மாற்றத்தின் கடைசிப் படிக்கு முன்னால் சல்ஃபைட் என்னும் நச்சுத்தன்மை மிக்க இடைப்பொருள் தோன்றுகிறது. அதைச் சல்ஃபேட்டாக்கும் நொதியின் பெயர் சல்ஃபைட் ஆக்சிடேஸ். அது சல்ஃபைட்டிடமிருந்து இரண்டு எலக்ட்ரான்களைப் பெற்று அவற்றை ஒவ்வொன்றாக எவ்வாறு கைமாற்றுகிறது என்பதையும், அந்தக் கைமாற்றம் தடைப்பட்டால் என்ன நேர்கிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. இந்த நொதியைப் பொறுத்தவரை சல்ஃபைட்டை ஆக்சிஜனேற்றும் வேதிவினையைவிட, அதன் பின் வரும் எலக்ட்ரான்களை ஒப்படைக்கும் வேலையே கடினமானது என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

சல்ஃபைட் தோன்றும் வழி

மெத்தியோனினின் கந்தகம் சில படிகளைக் கடந்து சிஸ்டீனுக்கு வந்துசேர்கிறது. சிஸ்டீன் டைஆக்சிஜனேஸ் என்னும் நொதி அந்தச் சிஸ்டீனை ஆக்சிஜனேற்றிச் சிஸ்டீன் சல்ஃபினேட்டாக மாற்றுகிறது. பின்னர் அதன் அமினோ தொகுதி வேறொரு மூலக்கூறுக்கு மாற்றப்படும்போது நிலைத்து நிற்க இயலாத ஒரு பொருள் உண்டாகி, அது எந்த நொதியின் துணையுமின்றித் தானே பிரிந்து பைருவேட்டையும் சல்ஃபைட்டையும் தருகிறது. உடலில் இயல்பாக உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, செல்லின் ஆற்றல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஆக்சிஜனேற்றம் அடையும்போதும் ஒரு பகுதி சல்ஃபைட்டாக வெளிப்படுகிறது. ஆகவே சல்ஃபைட் வெளியிலிருந்து மட்டும் வரும் நஞ்சு அன்று. புரதம் உண்ணும் ஒவ்வொருவரின் செல்லிலும் நாள்தோறும் பிறக்கும் பொருள் அது.

இந்தப் பொருளின் தீமை அதன் வினைத்திறனிலேயே இருக்கிறது. இரண்டு சிஸ்டீன்களை இணைக்கும் கந்தகப் பாலத்தை அது உடைத்து எஸ்-சல்ஃபோசிஸ்டீன் என்னும் சேர்மத்தை உண்டாக்குகிறது. இச்சேர்மத்தின் வடிவம் மூளையின் கிளர்ச்சித் தூதுப்பொருளான குளூட்டமேட்டை ஒத்திருப்பதால், அது நரம்புசெல்களின் ஏற்பிகளில் பொருந்தி அவற்றை அளவுக்கு மீறித் தூண்டுகிறது. மிகுதியாகத் தூண்டப்பட்ட நரம்புசெல் இறுதியில் அழிகிறது. சல்ஃபைட்டைச் செல்லில் தேங்கவிடக் கூடாது என்னும் தேவை இதனால் எழுகிறது.

நொதியைக் கண்டறிந்த வரலாறு

1953ஆம் ஆண்டு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஹெய்ம்பர்க், ஃபிரிடோவிச், ஹாண்ட்லர் ஆகியோர் விலங்குக் கல்லீரலில் சல்ஃபைட்டை ஆக்சிஜனேற்றும் நொதி ஒன்று செயல்படுவதை விரிவாக எடுத்துரைத்தனர். 1961இல் அதே ஆய்வகத்தினர் அதைத் தூய்மைப்படுத்தி அதனுள் ஹீம் இருப்பதைக் காட்டினர். ஹீம் என்பது நடுவில் இரும்பணுவைத் தாங்கிய, இரத்தத்தின் செம்மைக்குக் காரணமான தட்டையான வளையம். அந்த இரும்பே சல்ஃபைட்டோடு நேரடியாக வினைபுரிகிறது என்று அப்போது எண்ணுவதற்கு இடம் இருந்தது.

அந்த எண்ணத்தை மாற்றிய ஆய்வில் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று டியூக்கில் பணியாற்றிய உயிர்வேதியியலாளர் கே.வி. இராஜகோபாலன், கோஹன், ஃபிரிடோவிச் ஆகியோருடன் இணைந்து 1971இல் இந்த நொதியில் மோலிப்டினம் இருப்பதையும் அது வினையில் பங்கெடுப்பதையும் நிறுவினார். இதற்குத் துணைநின்ற கருவிமுறை எலக்ட்ரான் தற்சுழற்சி ஒத்ததிர்வு எனப்படும். இணையில்லாமல் தனித்து நிற்கும் எலக்ட்ரான் காந்தப்புலத்தில் காட்டும் தனி அடையாளத்தை அம்முறை பதிவு செய்கிறது. நொதியோடு சல்ஃபைட்டைச் சேர்த்தபோது ஐந்து என்னும் ஆக்சிஜனேற்ற நிலையில் உள்ள மோலிப்டினத்துக்கு உரிய அடையாளம் தோன்றியது.

இதையடுத்து 1973இல் வெளிவந்த ஆய்வு இன்னும் வலுவான சான்றைத் தந்தது. மோலிப்டினத்தை ஒத்த வேதித்தன்மையுள்ள டங்ஸ்டனை எலிகளுக்கு ஊட்டியபோது அது மோலிப்டினத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆனால் அதன் வேலையைச் செய்யவில்லை. நொதியின் செயல்திறன் வீழ்ந்த அந்த எலிகள் பைசல்ஃபைட்டையும் கந்தக டைஆக்சைடையும் தாங்கும் ஆற்றலை இழந்தன. உயிரினத்துக்கு மோலிப்டினம் ஏன் வேண்டும் என்ற நெடுநாள் கேள்விக்கு இதனால் மூலக்கூறு அளவிலான விடை கிடைத்தது. பின்னர் இராஜகோபாலனும் ஜீன் ஜான்சனும், மோலிப்டினம் நொதியில் தனித்து நிற்பதில்லை, மோலிப்டாப்டெரின் என்னும் கரிமச் சேர்மத்தின் இரண்டு கந்தக அணுக்கள் அதைப் பற்றிப் பிடித்திருக்கின்றன என்பதை வெளிப்படுத்தினர். உலோகமும் அதைப் பிடித்திருக்கும் சேர்மமும் சேர்ந்த தொகுதி மோலிப்டினம் துணைக்காரணி எனப்படும்.

நொதியின் அமைப்பு

சல்ஃபைட் ஆக்சிடேஸ் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வுக்கும் உட்சவ்வுக்கும் இடைப்பட்ட வெளியில் இயங்குகிறது. எலக்ட்ரான்களைப் பெற்றுக்கொள்ளும் சைட்டோகுரோம் சி என்னும் சிறு புரதமும் அதே இடைவெளியில்தான் உலவுகிறது என்பதால் இந்த இருப்பிடம் முக்கியமானது. ஒரே மாதிரியான இரண்டு துணையலகுகள் இணைந்து நொதியாகின்றன. ஒவ்வொரு துணையலகிலும் மூன்று பகுதிகள் உள்ளன: தொடக்க முனையில் ஹீமைத் தாங்கும் சிறு பகுதி, நடுவில் மோலிப்டினம் துணைக்காரணியைத் தாங்கும் பகுதி, இறுதியில் இரண்டு துணையலகுகளையும் ஒன்றோடொன்று இணைக்கும் பகுதி. முதல் இரண்டு பகுதிகளும் வளையக்கூடிய ஒரு குறுகிய புரதச் சரத்தால் மட்டும் பிணைக்கப்பட்டுள்ளன.

1997இல் கிஸ்கர், ஷிண்டலின், இராஜகோபாலன், எனிமார்க், ரீஸ் உள்ளிட்டோர் கோழிக் கல்லீரலிலிருந்து பெற்ற நொதியின் படிக அமைப்பை 1.9 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் வெளியிட்டனர். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. மோலிப்டினத்தைச் சுற்றி ஐந்து அணுக்கள் சதுர அடித்தளமுள்ள பிரமிடு வடிவில் அமைந்திருப்பதை அந்த அமைப்பு காட்டியது. மோலிப்டாப்டெரினின் இரண்டு கந்தகங்களும், நொதியின் சொந்தச் சிஸ்டீன் ஒன்றின் கந்தகமும், ஓர் ஆக்சிஜனும் அடித்தளத்தின் நான்கு மூலைகளில் இருக்க, மற்றோர் ஆக்சிஜன் உச்சியில் இருக்கிறது. மோலிப்டினம் அமைந்த குழியைச் சுற்றி ஆர்ஜினின் போன்ற நேர்மின்னூட்ட அமினோ அமிலங்கள் நிற்பதால், எதிர்மின்னூட்டமுள்ள சல்ஃபைட் அக்குழிக்குள் எளிதில் ஈர்க்கப்படுகிறது.

இரட்டையாக வந்து ஒற்றையாகப் போகும் எலக்ட்ரான்கள்

ஓய்வு நிலையில் நொதியின் மோலிப்டினம் ஆறு என்னும் ஆக்சிஜனேற்ற நிலையிலும், ஹீமின் இரும்பு மூன்று என்னும் நிலையிலும் இருக்கின்றன. ஓர் அணுவின் ஆக்சிஜனேற்ற நிலை உயர்ந்திருந்தால் அது எலக்ட்ரான்களை இழந்து நிற்கிறது என்றும், குறைந்தால் பெற்றிருக்கிறது என்றும் கொள்ளலாம். குழிக்குள் நுழைந்த சல்ஃபைட்டின் கந்தகம், தன்னிடமுள்ள பிணைப்பில் ஈடுபடாத எலக்ட்ரான் இணையைக் கொண்டு மோலிப்டினத்தின் அடித்தள ஆக்சிஜனைத் தாக்குகிறது. அந்த ஆக்சிஜன் கந்தகத்தோடு இணைய, சல்ஃபைட் சல்ஃபேட்டாகிறது. கந்தகம் இழந்த இரண்டு எலக்ட்ரான்களும் ஒருசேர மோலிப்டினத்துக்குச் செல்வதால் அதன் நிலை ஆறிலிருந்து நான்காக இறங்குகிறது. பின்னர் நீர் மூலக்கூறு வந்து சல்ஃபேட்டை விலக்கி அதன் இடத்தைப் பிடிக்கிறது. சல்ஃபேட்டில் புதிதாகச் சேரும் ஆக்சிஜன் காற்றிலிருந்து நேரடியாக வருவதில்லை, முடிவில் நீரிலிருந்தே வருகிறது என்பது இந்த வினைவழியின் குறிப்பிடத்தக்க கூறு.

சிக்கல் இதற்குப் பின்னர்தான் தொடங்குகிறது. மோலிப்டினம் பெற்றது இரண்டு எலக்ட்ரான்கள். அவற்றைப் பெற வேண்டிய சைட்டோகுரோம் சி ஒரு முறைக்கு ஒரே ஓர் எலக்ட்ரானை மட்டுமே ஏற்கும். இரண்டு ரூபாய் நாணயத்தை வாங்கிக்கொண்டு ஒற்றை ரூபாய்களாகச் சில்லறை தருபவனைப்போல, நொதி தன் உள்ளேயே இந்த மாற்றத்தைச் செய்ய வேண்டியிருக்கிறது. ஹீம் இதற்கு இடைநிலையாகிறது. நான்கு நிலையிலுள்ள மோலிப்டினம் முதல் எலக்ட்ரானை ஹீமுக்குக் கொடுத்துத் தான் ஐந்தாம் நிலைக்கு உயர, ஹீமின் இரும்பு மூன்றிலிருந்து இரண்டாகிறது. சைட்டோகுரோம் சி அந்த எலக்ட்ரானை எடுத்துச் சென்றதும் இரும்பு மீண்டும் மூன்றாம் நிலையை அடைந்து காலியாகிறது. அதன் பிறகு மோலிப்டினம் இரண்டாம் எலக்ட்ரானையும் அதே வழியில் அனுப்பி ஆறாம் நிலைக்குத் திரும்புகிறது. மற்றொரு சைட்டோகுரோம் சி அதைப் பெற்றுச் செல்ல, சுழற்சி நிறைவுறுகிறது. ஒரு சல்ஃபைட்டுக்கு இரண்டு சைட்டோகுரோம் சி மூலக்கூறுகள் என்பது இதன் கணக்கு. 1971இல் பதிவான ஐந்தாம் நிலை மோலிப்டினத்தின் அடையாளம், ஓர் எலக்ட்ரான் போய் மற்றொன்று காத்திருக்கும் இந்த இடைக்கட்டத்துக்கு உரியது.

முப்பத்திரண்டு ஆங்ஸ்ட்ராம் என்னும் புதிர்

படிக அமைப்பு வெளியானபோது பல கேள்விகளுக்கு விடை கிடைத்தது. கூடவே ஒரு புதிய கேள்வியும் எழுந்தது. மோலிப்டினத்துக்கும் ஹீமின் இரும்புக்கும் இடையே 32 ஆங்ஸ்ட்ராமுக்கு மேற்பட்ட தொலைவு காணப்பட்டது. புரதத்தின் ஊடே எலக்ட்ரான் செல்வது குவாண்டம் ஊடுருவல் என்னும் முறையில். ஆற்றல் தடையைத் தாண்டிச் செல்லாமல் அதை ஊடுருவி மறுபக்கத்தில் தோன்றுவதே அந்த முறை. தொலைவு கூடும்போது இதன் வேகம் மிக விரைவாகக் குறைகிறது, ஏறத்தாழ 1.7 ஆங்ஸ்ட்ராம் கூடினால் வேகம் பத்தில் ஒரு பங்காகிவிடும். பல புரதங்களை ஒப்பிட்டு 1999இல் பேஜ், மோசர், டட்டன் முதலியோர் வெளியிட்ட ஆய்வு, உயிரினங்கள் எலக்ட்ரான் மையங்களைப் பொதுவாக 14 ஆங்ஸ்ட்ராமுக்குள்ளேயே அமைத்துக்கொள்கின்றன என்று காட்டியது. அந்த அளவுகோலின்படி 32 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் நொதி ஏறக்குறைய செயலற்றே இருக்க வேண்டும். ஆனால் அரிசோனா பல்கலைக்கழகத்தில் எனிமார்க் குழுவினர் லேசர் ஒளித்துடிப்பால் ஹீமுக்கு எலக்ட்ரானை ஊட்டி, அது மோலிப்டினத்தோடு சமநிலை அடையும் வேகத்தை அளந்தபோது, கோழி நொதியில் அது நொடிக்குப் பல நூறு முறை என்னும் அளவிலும், ஏற்ற சூழலில் ஆயிரத்துக்கு மேலும் இருந்தது.

இந்த முரணைத் தீர்க்க முன்வைக்கப்பட்ட விளக்கம், படிகத்தில் தெரிந்த நிலை நொதி எலக்ட்ரானைக் கடத்தும் நிலை அன்று என்பதாகும். ஹீம் பகுதி வளையும் சரத்தின் துணையால் அசைந்து மோலிப்டினப் பகுதியின் அருகே வந்து பொருந்துகிறது. அந்த நெருக்கத்தில் எலக்ட்ரான் தாவுகிறது. பின்னர் ஹீம் பகுதி விலகிச் சைட்டோகுரோம் சி-யைச் சந்திக்கிறது. ஹீம் பகுதியின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டமும், மோலிப்டினக் குழியின் வாயிலும் சைட்டோகுரோம் சி-யின் மேற்பரப்பும் நேர்மின்னூட்டமும் உடையவை என்பதால் இரு சந்திப்புகளும் மின்னீர்ப்பால் இயலுகின்றன.

இவ்விளக்கத்தை இரண்டு வகைச் சோதனைகள் தாங்குகின்றன. சர்க்கரை போன்ற பொருள்களைக் கரைத்துக் கரைசலின் பாகுத்தன்மையை உயர்த்தியபோது எலக்ட்ரான் கடத்தலின் வேகம் குறைந்ததாக 2002இல் அரிசோனா குழு அறிவித்தது. எலக்ட்ரான் அசையாத புரதத்தின் ஊடே மட்டும் சென்றிருந்தால், சுற்றியுள்ள நீர் கெட்டியாவதால் அதன் வேகம் இவ்வாறு மாறியிருக்காது. எனவே ஒரு பெரிய பகுதியின் அசைவே வேகத்தைத் தீர்மானிக்கிறது என்பது பெறப்படுகிறது. 2010இல் மனித நொதியின் இணைப்புச் சரத்தைக் குறுக்கியும் விறைப்பாக்கியும் பார்த்தபோதும் கடத்தல் தளர்ந்தது. ஸ்டார்க்கியா நொவெல்லா என்னும் பாக்டீரியத்தின் இதே வகை நொதி வேறொரு தீர்வைக் கொண்டுள்ளது. அதில் ஹீம் தனிப் புரதமாக மோலிப்டினப் புரதத்தோடு இறுகப் பிணைந்து, இரு உலோகங்களுக்கும் இடையிலான தொலைவு ஏறத்தாழ 16.6 ஆங்ஸ்ட்ராமாகவே இருப்பதால் அசைவு தேவைப்படுவதில்லை. ஒரே வேதிவினைக்கு அசையும் பாலம் ஒன்றும் அசையாப் பாலம் ஒன்றுமாக இரு வழிகள் இயற்கையில் உருவாகியிருப்பது, கைமாற்றத்தின் தொலைவே இந்த நொதிக் குடும்பத்தின் அமைப்பைத் தீர்மானித்த காரணிகளுள் முதன்மையானது என்று கருத இடமளிக்கிறது.

ஆற்றல் வரவு

சைட்டோகுரோம் சி பெற்ற எலக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசச் சங்கிலியில் நான்காம் கூட்டமைப்பான சைட்டோகுரோம் ஆக்சிடேஸை அடைந்து, அங்கே ஆக்சிஜனை நீராக்குகின்றன. உணவிலிருந்து வரும் பெரும்பாலான எலக்ட்ரான்கள் முதல் கூட்டமைப்பிலோ வேறு நுழைவாயில்களிலோ தொடங்கி மூன்றாம் கூட்டமைப்பின் வழியே வந்து, வழிநெடுகப் புரோட்டான்களை வெளித்தள்ளி, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி உண்டாக உதவுகின்றன. சல்ஃபைட்டின் எலக்ட்ரான்கள் அந்த முதற்கட்டங்களைத் தொடாமல் கடைசிக் கட்டத்தில் நுழைவதால், அவற்றால் கிடைக்கும் ஆற்றல் சிறியது. எனவே இந்த நொதியின் முதற்பயன் ஆற்றல் ஈட்டுவதன்று, நஞ்சு நீக்குவதே என்று முடிவு செய்யலாம். தாவரங்களின் சல்ஃபைட் ஆக்சிடேஸ் இதற்குச் சான்றாகிறது. பெராக்சிசோம் என்னும் செல்லுறுப்பில் இயங்கும் அந்த நொதியில் ஹீமே இல்லை. அது எலக்ட்ரான்களை நேராக ஆக்சிஜனுக்குக் கொடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. ஆற்றலைச் சிறிதும் ஈட்டாமலேயே தாவரம் அதே வினையை நடத்திக்கொள்கிறது.

வழி அடைபடும்போது

1967இல் மட், இர்ரெவெர், லாஸ்டர் ஆகிய அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்கள் இந்த நொதியே இல்லாத ஒரு குழந்தையைப் பற்றி முதன்முதலாக எழுதினர். கடும் நரம்புப் பாதிப்பும் கண்வில்லை இடம்பெயர்வும் கொண்ட அக்குழந்தையின் சிறுநீரில் சல்ஃபைட்டும் தயோசல்ஃபேட்டும் எஸ்-சல்ஃபோசிஸ்டீனும் மிகுந்திருக்க, சல்ஃபேட் மிகக் குறைந்திருந்தது. பிற்காலத்தில் மற்றொரு நோயாளியிடம், நொதியின் 160ஆம் இடத்திலுள்ள ஆர்ஜினினுக்குப் பதில் குளூட்டமின் அமைந்திருப்பது 1998இல் கண்டறியப்பட்டது. சல்ஃபைட்டைப் பற்றும் குழியைச் சார்ந்த அந்த ஒற்றை மாற்றத்தால் நொதியின் வினைத்திறன் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காக வீழ்ந்தது. அதே மாற்றம் மோலிப்டினத்துக்கும் ஹீமுக்கும் இடையிலான எலக்ட்ரான் கடத்தலையும் பெரிதும் தாழ்த்துகிறது என்று 2003ஆம் ஆண்டின் ஆய்வு காட்டியது. ஹீம் பகுதி நெருங்கிவந்து பொருந்த உதவும் நேர்மின்னூட்டத்தில் ஒன்று அங்கே இல்லாமற்போனதே இதற்குக் காரணமாகலாம்.

நொதிப்புரதம் சரியாக இருந்தும் மோலிப்டினம் துணைக்காரணி உருவாகாத குழந்தைகளும் உண்டு. அவர்களிடம் அதே துணைக்காரணியை நம்பியுள்ள, யூரிக் அமிலத்தை உண்டாக்கும் நொதியான சாந்தீன் ஆக்சிடேஸும் செயலிழப்பதால் இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகவும் குறைகிறது. சல்ஃபைட் ஆக்சிடேஸ் மட்டும் பழுதுபட்டவர்களிடம் யூரிக் அமிலம் இயல்பாகவே இருக்கிறது. இந்த வேறுபாடு நோயறிதலில் பெரிதும் பயன்படுகிறது. ஏனெனில் துணைக்காரணி உருவாகும் முதற்படியில் பழுதுள்ள ஏ வகை நோய்க்கு மட்டும், இடைப்பொருளான சைக்ளிக் பைரனாப்டெரின் மோனோபாஸ்பேட்டை வெளியிலிருந்து ஊசி வழியே தரும் சிகிச்சை உண்டு. 2021இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஃபோஸ்டெனாப்டெரின் என்னும் பெயரில் அதற்கு ஒப்புதல் அளித்தது. மற்ற வகைகளுக்கு அந்த மருந்து பயன்படாது.

மண்ணும் மோலிப்டினமும்

மோலிப்டினம் உணவில் குறைந்தால் இதே நிலை வருமா என்னும் கேள்வி இயல்பானது. அப்படி ஐயமறப் பதிவான நிகழ்வு மிக அரிது. 1981இல் அபும்ராட் குழுவினர் விவரித்த நோயாளி நெடுங்காலம் சிரை வழி ஊட்டத்தை மட்டுமே பெற்றுவந்தவர். அமினோ அமிலக் கரைசலைத் தாங்க முடியாமல் அவர் நலிவுற்றபோது, நாளொன்றுக்கு 300 மைக்ரோகிராம் அம்மோனியம் மோலிப்டேட்டைச் சேர்த்ததும் தேறினார். இயல்பான உணவு உண்போருக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படும் 45 மைக்ரோகிராம் எளிதில் கிடைத்துவிடுகிறது. அதற்குப் பெருந்துணை பயறு வகைகள்.

பயறுகளில் மோலிப்டினம் மிகுந்திருப்பதற்கு அவற்றின் வேர்முடிச்சுகளில் நடக்கும் வேலையோடு தொடர்பு உண்டு. அங்கு வாழும் ரைசோபியம் என்னும் பாக்டீரியம் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்தப் பயன்படுத்தும் நைட்ரஜனேஸ் நொதிக்கும் மோலிப்டினம் வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்தின் செம்மண்ணிலும் சரளை மண்ணிலும் இரும்பு ஆக்சைடுகள் மிகுதி. மண் அமிலத்தன்மை கொள்ளும்போது அந்த ஆக்சைடுகள் மோலிப்டேட்டை இறுகப் பற்றிக்கொள்ள, வேருக்குக் கிடைக்கும் அளவு சுருங்குகிறது. 'வம்பன் 8' போன்ற உளுந்து இரகங்களை உருவாக்கிய தேசியப் பயறு வகை ஆராய்ச்சி மையம் இத்தகைய சரளை நிலப்பரப்பில், இம்மாவட்டத்தின் வம்பனில் இயங்குவது கருதத்தக்கது. அமில மண்ணில் சுண்ணாம்பு இடுவதும், ரைசோபியத்தோடு சோடியம் மோலிப்டேட்டைச் சிறிதளவு விதைநேர்த்தியில் சேர்ப்பதும் பயறு வேளாண்மையில் அறியப்பட்ட முறைகள். அவை செடியின் நைட்ரஜன் தேவைக்காகச் செய்யப்படுபவை. அவற்றை மனித நோய்க்கு மருந்தாகக் கொள்வது பொருந்தாது. எனினும் வேர்முடிச்சில் ஒரு நொதியையும், அந்தப் பயறை உண்பவரின் கல்லீரலில் மற்றொரு நொதியையும் இயக்குவது ஒரே தனிமமே.

வெளியிலிருந்து வரும் சல்ஃபைட்டும் பச்சிளங்குழந்தையும்

உணவுப் பதனப்பொருளாகவும் சல்ஃபைட் உடலுக்குள் வருகிறது. இறாலின் ஓட்டில் கரும்புள்ளி தோன்றாதிருக்கச் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசலில் நனைப்பது உலகெங்கும் இறால் தொழிலில் உள்ள வழக்கம். உறைய வைத்த பச்சை இறாலின் உண்ணும் பகுதியில் கிலோவுக்கு 100 மில்லிகிராமும், சமைத்ததில் 30 மில்லிகிராமும் என்று கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தரம் இதற்கு எல்லை வகுத்துள்ளது. இயல்பான நொதியுள்ளவர் இந்த அளவை எளிதில் சல்ஃபேட்டாக்கிவிடுவார். சல்ஃபைட்டால் ஆஸ்துமா தூண்டப்படுவோருக்கு வரும் இன்னல் தனிக் காரணங்கள் கொண்டது. நொதிக்குறைவு நோயோடு அதைக் குழப்பலாகாது.

புதுக்கோட்டை மாவட்ட மருத்துவர்களுக்கு மேற்கண்ட வேதியியல் நேரடியாகப் பயன்படும் இடம் பச்சிளங்குழந்தைப் பிரிவாகும். சல்ஃபைட் ஆக்சிடேஸ் குறைவும் துணைக்காரணிக் குறைவும் பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டுமே வெளிப்படும் ஒடுங்கு தன்மை கொண்டவை. அத்தை மகள், மாமன் மகள், அக்காள் மகள் என்று நெருங்கிய உறவில் மணம் செய்யும் வழக்கம் உள்ள குடும்பங்களில் இத்தகைய மரபணுக்கள் சேரும் வாய்ப்பு கூடுகிறது. பிறந்த சில நாள்களில் மருந்துக்கு அடங்காத வலிப்பு, பாலருந்த இயலாமை, மூளைப் படத்தில் பரவலான சேதம் ஆகியவற்றோடு வரும் இக்குழந்தைகள், பிறப்பின்போது ஆக்சிஜன் குறைந்ததால் பாதிக்கப்பட்டவர்கள் என்று எளிதில் கருதப்படுவார்கள். பிரசவத்தில் மூச்சுத்திணறல் நேர்ந்ததற்கான சான்று இல்லாதபோது, இரத்தத்தில் யூரிக் அமிலத்தை அளப்பதும், அப்போது பிடித்த சிறுநீரில் சல்ஃபைட் பட்டையை நனைத்துப் பார்ப்பதும் எந்த மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் இயலக்கூடிய சோதனைகள். காற்றுப்பட்டால் சல்ஃபைட் தானே ஆக்சிஜனேற்றம் அடைந்து மறைந்துவிடுமாதலால், பட்டையில் நிறம் மாறவில்லை என்பதற்காக மட்டும் நோய் இல்லை என்று முடிவு செய்யாமல், எஸ்-சல்ஃபோசிஸ்டீனை அளக்க வல்ல ஆய்வகத்துக்கும் மாதிரியை அனுப்ப வேண்டும். ஏ வகை என்று உறுதியாகும் குழந்தைக்கு ஃபோஸ்டெனாப்டெரினை முதல் சில நாள்களுக்குள் தந்தால் மட்டுமே மூளையைக் காக்க வழியுண்டு. மற்ற வகையாக இருந்தாலும், காரணம் தெரிந்த பெற்றோருக்கு அடுத்த கருவுறுதலில் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளும் வாய்ப்பு கிடைக்கிறது.